இருபது ரூபாய்ச் சராசரி

கதை படிக்கிறவர்களுக்குக் கணக்கு ஆகாது என்று பத்திரிகைக்காரர்கள் பலர் திடமாக நம்புகிறார்கள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஒரு மாகாணத்து அரிசி விலைக்குச் சராசரி எடுத்த கதையை எழுதப் போகிறேன் என்று நான் சொன்னதும், "ஸார், நம்ம வாசகர்கள்..." என்று இழுத்தார் ஒரு நண்பர். இழுத்தவர் இழுத்தபடியே இருக்கட்டும். கொலையும் களவும் கதையிலே வந்தால் ஆவலோடு படிக்கிறோம். ஒரே ஒரு வகுத்தல் கணக்கினால் லட்சக்கணக்கான ஏழைகளைக் காகிதத்தின் மேல் பணக்காரர்களாக்கிக் காட்டிய வித்தை அதற்கெல்லாம் குறைந்ததா என்ன?

முதலில் இந்தச் 'சராசரி' என்ற சொல்லையே பார்ப்போம். சரம், அசரம் என்று அசைவதையும் அசையாததையும் சேர்த்துச் 'சராசரம்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் உறவு கிடையாது. இது பாரசீகத்துச் சரக்கு. அந்தப் பாஷையில் 'சராசர்' என்றால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் என்று பொருள். மராத்தியர், நவாபு காலத்துக் கச்சேரிக் கணக்குகளோடு தெற்கே வந்து தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆங்கிலத்து 'ஆவரேஜ்' கடலிலே பிறந்தது. புயலில் கப்பல் தத்தளிக்கும்போது, கப்பலைக் காப்பாற்றச் சில மூட்டைகளைத் தூக்கிக் கடலில் எறிந்துவிடுவார்கள். யாருடைய மூட்டை போனதோ அவன் தலையில் மட்டும் நஷ்டத்தைக் கட்டுவது நியாயமா? கரை சேர்ந்த பிறகு எல்லா வியாபாரிகளும் தத்தம் சரக்கின் மதிப்புக்கு ஏற்றபடி நஷ்டத்தைப் பங்கு போட்டுக் கொள்வார்கள். அந்தப் பங்குக்குத்தான் முதலில் அந்தப் பெயர். 'மதிப்புக்கு ஏற்றபடி' என்று சொன்னேன் பாருங்கள், அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மாலுமிகளும் மளிகை வியாபாரிகளும் தெரிந்து வைத்திருந்த அந்தச் சூட்சுமத்தைப் பின்னால் பெரிய பெரிய உத்தியோகஸ்தர்கள் மறந்து போனார்கள்.

இப்போதெல்லாம் பத்திரிகையைப் பிரித்தால் பட்டைப் படம் இல்லாத பக்கம் அபூர்வம். மழையா, மின்சாரமா, தேர்தலா, எதுவானாலும் நெட்டையும் குட்டையுமாக ஐந்தாறு பட்டைகளை நிறுத்தி வைத்து விடுகிறார்கள். இடது ஓரத்தில் ஓர் அளவுகோல் இருக்கும். ஒவ்வொரு பட்டையின் தலையிலிருந்தும் நேரே இடது பக்கம் பார்வையை ஓட்டினால் அதன் அளவு தெரியும். ஐந்து கிராமங்களில் நெல் விளைந்தது 12, 8, 15, 5, 10 வண்டி என்று வையுங்கள். கூட்டினால் 50, ஐந்தால் வகுத்தால் 10. பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். கூட்டாமல் வகுக்காமல் கண்ணாலேயே பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. பத்தாம் வண்டி மட்டத்தில் குறுக்கே ஒரு நூலைப் பிடியுங்கள். நூலுக்கு மேலே முதல் பட்டை 2, மூன்றாவது 5 துருத்திக் கொண்டிருக்கும். கீழே இரண்டாவதில் 2, நாலாவதில் 5 பள்ளம் இருக்கும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினால் எல்லாம் ஒரே மட்டம். மேடும் பள்ளமும் சரிக்குச் சரியாக எந்த மட்டத்தில் தீர்கின்றனவோ அதுதான் சராசரி. வயலில் பரம்பு அடித்துப் பழகிய குடியானவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் தேசத்தில் இந்தக் கணக்கு உண்மையாகவே மண் வெட்டுகிற காரியத்தில்தான் முதலில் தலை காட்டுகிறது. பாஸ்கராசாரியார் 1150-ஆம் ஆண்டையொட்டி எழுதிய 'லீலாவதி'யில் குழி வெட்டும் கணக்குக்கென்று தனிப் பகுதியே உண்டு. கூலி கொடுக்கவேண்டும், குழியோ கோணல் மாணல். என்ன செய்வது? பல இடங்களில் அளந்து, கூட்டி, அளந்த இடங்களின் எண்ணிக்கையால் வகு என்கிறார். நீளம் மூன்று இடங்களில் 10, 11, 12 முழம். அகலம் 6, 5, 7. ஆழம் 2, 4, 3. சராசரி நீளம் 11, அகலம் 6, ஆழம் 3. பெருக்கினால் 198 கன முழம். பதினாறாம் நூற்றாண்டில் இதற்கு உரை எழுதிய கணேசர் ஒரு படி மேலே போகிறார். எத்தனைக்கெத்தனை அதிக இடங்களில் அளக்கிறோமோ அத்தனைக்கத்தனை உண்மைக்குக் கிட்டப் போவோம் என்பது அவர் கருத்து. அந்தக் குழியின் ஆழங்களைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தினால் சாட்சாத் பட்டைப் படமே வந்துவிடும். ஆனால் அப்படித் திருப்பி நிறுத்த வேண்டும் என்று இங்கே யாருக்கும் தோன்றவில்லை.

நளன் கதையில் ருதுபர்ணன் தேரிலே போகிற போக்கில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதில் இத்தனை இலை, இத்தனை காய் என்று சொல்லிவிடுகிறான். நளன் நம்பாமல் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. தெய்வ வித்தை என்று கதை சொல்கிறது. இரண்டு மூன்று கிளைகளை நோட்டம் விட்டுச் சராசரி எடுத்துக் கிளைகளின் எண்ணிக்கையால் பெருக்கியிருப்பான் என்பது என் ஊகம். ராஜாவாக இருந்தால்தான் என்ன, வரி வசூல் பண்ணுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா?

பட்டைப் படத்தைக் கண்டுபிடித்த பெருமை ஒரு ஸ்காட்லாந்துக்காரனைச் சேர்ந்தது. வில்லியம் ப்ளேஃபேர் என்று பெயர். இந்த ஆசாமியை வைத்து மூன்று நாவல் எழுதலாம். 1759-இல் டண்டீ நகருக்கு அருகே ஒரு பாதிரியார் வீட்டில் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனார் காலமாகிவிட, அண்ணன் ஜான் வளர்த்தார். பிற்காலத்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் அந்த அண்ணன். தம்பியைத் தினந்தோறும் வெப்பமானியைப் பார்த்து அளவுகளைக் கோடாகக் குறித்து வரச் செய்தாராம். பிறகு வில்லியம் ஓர் இயந்திர மிஸ்திரியிடம் தொழில் பழகினார், நீராவி யந்திரத்தால் பேர் பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைகிற உதவியாளாக இருந்தார், சொந்தத் தொழில் தொடங்கினார், பாரிஸுக்குப் போனார். அங்கே பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, அமெரிக்காவில் ஓஹையோ நதிக்கரை நிலத்தைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்கும் கம்பெனியில் ஏஜெண்டாகச் சேர்ந்தார். நிலம் வாங்கியவர்கள் கப்பலேறிப் போய்ப் பார்த்தால் பட்டா செல்லாது என்று தெரிந்தது! லண்டனுக்குத் திரும்பிப் பாங்கி நடத்தினார், அதுவும் முழுகிற்று. கடனுக்காகச் சிறைக்கும் போனார். 1823-இல் ஏழையாகவே இறந்தார். இத்தனைக்கும் நடுவில் இன்று உலகம் பூராவும் வழங்குகிற கோட்டுப் படம், பட்டைப் படம், வட்டத்தைக் கூறு போட்டுக் காட்டும் படம் ஆகிய மூன்றையும் வியாபார விவரங்களுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் அவர்தான்.

1786-இல் அவர் வெளியிட்ட வர்த்தக அரசியல் படத் தொகுதியில் மொத்தம் 44 படங்கள். நாற்பத்து மூன்று படங்களில் வருஷம் போகப் போக வியாபாரம் ஏறுவதும் இறங்குவதும் கோடுகளாக ஓடுகின்றன. ஒன்றே ஒன்று மட்டும் பட்டைப் படம். அதுவும் ஆசையாகப் போட்டதன்று. ஸ்காட்லாந்தின் வியாபாரத்துக்கு 1781-உடன் முடிந்த ஒரே ஒரு வருஷத்துக் கணக்குத்தான் அவர் கைக்கு அகப்பட்டது. ஒரு புள்ளியை வைத்துக் கொண்டு கோடு இழுக்க முடியுமா? ஆகவே 17 இடங்களின் பெயரை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஏற்றுமதிக்கு ஒரு பட்டை, இறக்குமதிக்கு ஒரு பட்டை என்று படுக்கை வாட்டில் போட்டார். மற்றப் படங்களைப் போல இது அவ்வளவு உபயோகமில்லை என்று அவரே குறைப்பட்டுக் கொண்டிருக்கிறார். அந்த உபயோகமில்லாத படத்தைத்தான் இன்று குழந்தைகள் கூடப் போடுகிறார்கள்.

அந்தப் படத்தில் அயர்லாந்துப் பட்டை நீண்டு கிடக்கும். ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். பதினேழையும் கூட்டிப் பதினேழால் வகுத்தால் ஒரு தொகை வரத்தான் செய்யும். அந்தத் தொகைக்கு வியாபாரம் செய்கிற நாடு எது என்று தேடிக் கொண்டு கப்பல் ஏறினால் கிரீன்லாந்து பனியில்தான் போய் நிற்க வேண்டும்.

இப்படித் தேடிக் கொண்டு போனவர்களும் உண்டு. பெல்ஜியத்து வான நூலார் கெட்லே, 1835-இல் 'சராசரி மனிதன்' என்று ஒருவனைப் பிரதிஷ்டை செய்தார். ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேருடைய மார்பளவுகளை எடுத்துக் கொண்டு சராசரி பார்த்தார்; நாற்பது அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அந்தச் சராசரிதான் இயற்கை செய்ய நினைத்த மனிதன், மற்றவர்களெல்லாம் அதிலே நேர்ந்த கைப்பிழைகள் என்கிற ரீதியில் அவர் பேசினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1950-ஐ ஒட்டி அமெரிக்க விமானப் படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துப் பரிசோதித்தார். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகள். பத்திலும் சராசரிக்குக் கிட்டத்தட்ட இருக்கிறவர் எத்தனை பேர் என்று பார்த்தால் ஒருவர் கூட இல்லை! சராசரி விமானிக்கென்று அளவெடுத்துச் செய்த ஆசனம் யாருக்கும் பொருந்தாத ஆசனம் என்று ஆயிற்று. கதை எழுதுகிறவனுக்கு இது புதிய செய்தி இல்லை. 'ஒரு சராசரிக் குடும்பத் தலைவன்' என்று ஆரம்பித்த கதை எதுவும் உருப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் எதிர் வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஒரு நாள் மாலை கணக்குப் புஸ்தகத்தோடு வந்தாள்.

"மாமா, இந்தப் படத்தைப் பாருங்களேன். எல்லாப் பட்டையையும் கூட்டி அஞ்சால வகுத்தேன். நாலு வருது. பின்னாடி விடையிலே ரெண்டு புள்ளி ஆறு அஞ்சுன்னு போட்டிருக்கான். புஸ்தகம் தப்புதானே?"

பார்த்தேன். ஒரு தெருவில் இருபது வீடுகள். ஒரு குழந்தை உள்ள வீடு 4, இரண்டு குழந்தை உள்ள வீடு 6, மூன்று உள்ளது 5, நான்கு உள்ளது 3, ஐந்து உள்ளது 2. இதற்குப் பட்டைகள். வீட்டுக்குச் சராசரி எத்தனை குழந்தை?

"பட்டை உயரம் என்ன சொல்றது, குழந்தையையா, வீட்டையா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக் கொண்டு நின்றாள். "வீட்டை... அப்போ நான் வீட்டையெல்லாம் கூட்டி வகுத்துட்டேனா? குழந்தைங்களை எண்ணவே இல்லியா?" என்றாள். பிறகு தானே உட்கார்ந்து போட்டாள். நாலு வீட்டில் நாலு குழந்தை, ஆறு வீட்டில் பன்னிரண்டு, ஐந்து வீட்டில் பதினைந்து, மூன்று வீட்டில் பன்னிரண்டு, இரண்டு வீட்டில் பத்து. ஆகக் குழந்தைகள் 53. இருபது வீட்டுக்குப் பங்கிட்டால் 2.65. "அந்தப் புள்ளி ஆறு அஞ்சு குழந்தைக்கு என்ன பேர் வைப்பாங்க மாமா?" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் ஓடிப் போனாள்.

ஏழாம் வகுப்புப் பெண் இரண்டு நிமிஷத்தில் பிடித்துக் கொண்ட இந்தச் சங்கதியைத்தான் பிரிட்டிஷ் இந்திய சர்க்காரின் மாகாண நிர்வாக அறிக்கைகளை எழுதியவர்கள் கோட்டை விட்டார்கள். அதைக் கண்டுபிடித்தவர் தாதாபாய் நௌரோஜி.

காங்கிரஸ் மகாசபைக்கு 1886, 1893, 1906 ஆகிய மூன்று முறை தலைமை வகித்தவர், 1892-இல் ஐந்தே ஐந்து வோட்டு அதிகம் வாங்கி லண்டனில் பின்ஸ்பரித் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர் என்று அவரைப் பற்றிப் பாடப் புஸ்தகங்களில் இருக்கும். வெள்ளைத் தாடியோடு தாத்தாவாகவே நாம் அவரைப் படத்தில் பார்த்திருக்கிறோம். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பு, முப்பது வயது கூட நிரம்பாதபோது, பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையில் அவர் கணித ஆசிரியராக இருந்தார். அங்கே பேராசிரியர் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். 1855-இல் வியாபாரத்துக்காக லண்டனுக்குப் போனார். ஆனால் கணக்கு வாத்தியார் அவருக்குள்ளே சாகவில்லை என்பதற்கு, 1876-இல் பம்பாயில் கிழக்கிந்திய சங்கத்தின் கிளையில் அவர் வாசித்த 'இந்தியாவின் வறுமை' என்ற கட்டுரையே சாட்சி.

அந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் ஆவேசப் பிரசங்கத்தை எதிர்பார்த்தால் ஏமாந்து போவார்கள். முதல் பக்கங்களிலேயே, சர்க்கார் அறிக்கைகளில் சராசரி எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று வாத்தியார் பரீட்சைத் தாள் திருத்துவது போலத் திருத்தத் தொடங்கிவிடுகிறார். மாகாணத்தில் ஏக்கருக்கு என்ன விளைச்சல் என்று சொல்ல, ஜில்லாதோறும் உள்ள விளைச்சலைக் கூட்டி ஜில்லாக்களின் எண்ணிக்கையால் வகுத்திருக்கிறார்கள். ஒரு ஜில்லாவில் ஒன்பது லட்சம் ஏக்கரும் இன்னொன்றில் ஒரு லட்சம் ஏக்கரும் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான். விலைக்கும் அதே வகுத்தல்.

இதன் விபரீதத்தை ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக் கொண்டவை. ஒன்பது லட்சம் ஏக்கர் உள்ள ஜில்லாவில் அரிசி மணங்கு 1 ரூபாய். ஒரு லட்சம் ஏக்கர் உள்ள ஜில்லாவில் 4 ரூபாய். இரண்டு பட்டைகளை ஒரே பருமனில் நிறுத்தி மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டினால் மட்டம் இரண்டரை ரூபாயில் நிற்கும். ஆனால் நிலத்துக்கு ஏற்றபடி பட்டையின் அகலத்தைப் போட்டுப் பாருங்கள். ஒன்பது பங்கு அகலத்துக்கு ஒரு குட்டைத் திண்ணை, அதன் ஓரத்தில் ஒரு பங்கு அகலத்துக்கு ஒரு நெட்டைத் தூண். அந்தத் தூணை இடித்துத் திண்ணை பூராவும் பரப்பினால் எவ்வளவு உயரும்? ஏக்கருக்கு விளைச்சல் இரண்டிலும் ஒன்றே என்று வைத்துக் கொண்டால் சராசரி 1 ரூபாய் 5 அணாவைக் கூட எட்டாது. இரண்டரை ரூபாய் எங்கே, ஒன்றேகால் சொச்சம் எங்கே! புயலில் சரக்கை எறிந்த வியாபாரிகள் 'மதிப்புக்கு ஏற்றபடி' என்று சொன்னது இதைத்தான்.

நௌரோஜி கையும் களவுமாகப் பிடித்துக் காட்டியது மத்திய மாகாணத்தின் 1867-68-ஆம் ஆண்டு அறிக்கையை. அதில் அரிசியின் சராசரி விலை மணங்குக்கு 2 ரூபாய் 12 அணா 7 தம்படி என்று இருந்தது. நிலப் பரப்பையும் விளைச்சலையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் சரியான விலை 1 ரூபாய் 8 அணாதான். ஏக்கருக்கு விளைச்சல் 579 ராத்தல் என்று அறிக்கை சொல்கிறது. சரியான அளவு 759 ராத்தல். நெல் அமோகமாக விளைந்து, வெளியே கொண்டு போக ரயிலும் இல்லாமல், மலிவாக விற்ற சத்தீஸ்கர்ப் பகுதி அந்த மாகாணத்தைச் சேர்ந்ததுதான். அது போன்ற பெரிய நெல் ஜில்லாவும், அரிசி அபூர்வமாக விளைந்து கொள்ளை விலைக்கு விற்ற சின்ன ஜில்லாவும் ஒரே எடை போட்டால் வேறு என்ன ஆகும்?

விலையில் கூட்டியும் விளைச்சலில் குறைத்தும் பிசகினால் ஒன்றுக்கொன்று சரிக்கட்டிப் போகாதோ என்று சிலருக்குத் தோன்றலாம். போட்டுப் பார்த்தேன். மணங்குக்கு 82 ராத்தல் வைத்தால், அறிக்கைப்படி ஓர் ஏக்கர் அரிசியின் மதிப்பு 19 ரூபாய் 11 அணாச் சுமார். சரியான கணக்கில் 13 ரூபாய் 14 அணா. ஏக்கருக்கு ஏறத்தாழ ஆறு ரூபாய் காகிதத்தின் மேல் விளைந்திருக்கிறது! அந்த ஆறு ரூபாயைக் காட்டி, 'குடியானவன் சௌக்கியமாகத்தானே இருக்கிறான், இன்னும் கொஞ்சம் வரி தாங்குவான்' என்று ஓர் உத்தியோகஸ்தர் குறிப்பு எழுதினால் அவரை யார் தடுக்க முடியும்?

அந்த அதிகாரிகள் வேண்டுமென்றே மோசடி செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மோசடிக்கு இதைவிட மூளை வேண்டும். கச்சேரிப் படிவத்தில் 'சராசரி' என்று கடைசி வரிசையில் ஒரு காலிக் கட்டம் இருந்திருக்கும்; அதை நிரப்பியாக வேண்டும்; குமாஸ்தா மேலே இருந்த எண்களைக் கூட்டி வகுத்துப் போட்டிருப்பார்; துரை கையெழுத்துப் போட்டிருப்பார். சாம்ராஜ்யங்களில் பாதி அநியாயம் இப்படிக் காலிக் கட்டத்தை நிரப்புவதில்தான் நடக்கிறது.

நௌரோஜி அந்த அறிக்கைகளையே எடுத்து வைத்துக் கொண்டு, ஜில்லா ஜில்லாவாக, பயிர் பயிராக, ஏக்கரால் பெருக்கி, மாகாணம் மாகாணமாகக் கூட்டினார். துணைக்கு யந்திரம் கிடையாது, காகிதமும் பேனாவும்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் மொத்த உற்பத்தி 34 கோடி பவுன், ஜனத்தொகை 17 கோடி, தலைக்கு 40 ஷில்லிங் என்று முடிவுக்கு வந்தார். அன்றைய மாற்று விகிதத்தில் அது 20 ரூபாய். வருஷத்துக்கு! அப்படியென்றால் நாள் ஒன்றுக்கு ஓர் அணா கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. இருபது ரூபாய் அதிகமா குறைவா என்று அவர் தம் வாயால் சொல்லவில்லை. சர்க்காரே தன் சிறைக் கைதிகளுக்குச் சோற்றுக்கும் துணிக்கும் என்ன செலவழிக்கிறது என்று சிறை அறிக்கைகளை எடுத்தார். கடல் கடந்து தோட்ட வேலைக்குப் போகிற கூலிகளுக்குக் கப்பலில் என்ன உணவு தர வேண்டும் என்று சர்க்கார் வைத்தியர் விதித்த அளவை எடுத்தார். அவற்றை விலை போட்டு இருபது ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அதைவிட உயரமாக இருந்தன. ஜெயிலுக்குள்ளே இருக்கிறவனுக்கு ஆகிற செலவு, ஜெயிலுக்கு வெளியே யோக்கியமாக உழைக்கிறவனின் பங்குக்கு மேலே! இதுவும் ஒரு பட்டைப் படந்தான். அவர் படம் போடவில்லை, எண்களை வரிசைப்படுத்தினார், படிக்கிறவர்கள் மனசில் பட்டைகள் தாமே எழும்பி நின்றன.

அந்த இருபது ரூபாயும் எல்லோருக்கும் கிடைத்துவிடுவதில்லை என்று அவரே ஞாபகப்படுத்துகிறார். ஜமீன்தார், வக்கீல், வியாபாரி, உத்தியோகஸ்தர் எல்லோரும் தங்கள் பங்கை முதலில் எடுத்துக் கொண்ட பிறகு மிச்சந்தான் மற்றவர்களுக்கு.

அவர் கட்டுரை வாசித்த அதே 1876-இல்தான் நம் பக்கத்தில் மழை பொய்த்தது. பாட்டிமார்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்லித் தலைமுறை தலைமுறையாக நாம் கேட்ட பஞ்சம் அதுதான். 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை ராஜதானிக்கு வந்து, நிவாரண வேலையில் மண் சுமக்கிறவர்களுக்குக் கொடுத்த தானியத்தை நாளுக்கு ஒரு ராத்தலாகக் குறைத்தார். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்கள் கழித்துக் கூலியை உயர்த்தினார்கள். அதற்குள் உயிர் போனவர்கள் போனவர்கள்தான். சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்த நிவாரண வேலையில் வெட்டியது.

இருபது ரூபாய் என்ற எண் சர்க்காருக்கு முள்ளாகக் குத்திற்று. 1882-இல் பேரிங்கும் பார்பரும் கணக்குப் போட்டு 27 ரூபாய் என்றார்கள். 1901-இல் கர்சன் பிரபு 30 ரூபாய் என்றார். அதே 1901-இல் நௌரோஜி தம் கட்டுரைகளையெல்லாம் சேர்த்து லண்டனில் பெரிய புஸ்தகமாக வெளியிட்டார். அதற்குள் அவருக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. இருபதா, இருபத்தேழா, முப்பதா என்று நடந்த அந்தச் சண்டையில் ஒரு லாபம் உண்டு. இந்தியக் குடியானவன் எவ்வளவு சாப்பிடுகிறான் என்பது பார்லிமெண்டில் பேச வேண்டிய விஷயமாகிவிட்டது.

சுதந்திரம் வந்த பிறகு அதே சண்டை நம் சபைக்கே வந்து சேர்ந்தது. 1963 ஆகஸ்டில், நேரு மந்திரி சபையின் மீது கொண்டு வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ராம் மனோகர் லோஹியா பேசினார். இந்தியாவில் 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்று அணாவில் ஜீவிக்கிறார்கள் என்றார் அவர். நேருவோ பதினைந்து அணா என்றார். நயா பைசா வந்து ஆறு வருஷம் ஆகியும் பேச்சில் அணாதான் நடமாடியது என்பதைக் கவனியுங்கள். பத்திரிகைகளில் இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்லியாக வேண்டும் என்பது போலப் பிரமாதமாக வாதம் நடந்தது.

எதிர் வீட்டுப் பெண்ணின் பென்சிலை வாங்கிப் படம் போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. ஜனத்தொகையைப் பத்துப் பட்டைகளாக நிறுத்துங்கள். 27 கோடி என்பது அன்றைக்குப் பத்தில் ஆறு பங்கு. ஆறு பட்டைகள் மூன்று அணா உயரம். மொத்தம் 18 அணா. சராசரி பதினைந்து என்றால் பத்துப் பட்டைக்கும் சேர்ந்து 150 அணா. மிச்சம் 132 அணா நாலு பட்டைகளில் ஏறி நிற்கிறது, தலைக்கு 33 அணா. ஆக, லோஹியாவின் மூன்றும் நேருவின் பதினைந்தும் ஒரே படத்துக்குள்ளே அடங்கும். ஒருவர் குட்டைப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். இன்னொருவர் குறுக்கே பிடித்த நூலைக் காட்டினார்.

பிறகு திட்ட இலாகாவின் பொறுப்பில் இருந்த குல்ஜாரிலால் நந்தா, அந்த அடித்தட்டு மக்களுக்கு மூன்று அணா என்பது சரியில்லை, ஏழரை அணா என்று சொன்னார். அந்தக் கணக்கில் ஆறு பட்டைக்கு 45 அணா; மற்ற நாலுக்கு ஆளுக்கு இருபத்தாறே கால். சராசரி அப்போதும் அதே பதினைந்து. மூன்றைக் காட்டிலும் ஏழரை எவ்வளவோ மேல் என்று டில்லியில் திருப்திப்பட்டிருப்பார்கள். ஏழரை என்ற எண்ணைக் கேட்டதும் நம் ஊரில் எல்லோரும் முதலில் ஜாதகத்தைத்தான் எடுத்திருப்பார்கள்.